ஆவண ஆய்வும் கற்கும் பொறியும்

பெரியபுராணங் கற்ற மாணவர் யாவரும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நிகழ்ந்த வழக்கினை அறிவர். முதியவர் காட்டிய அடிமையோலையைச் சுந்தரர் கிழித்தெறிய, அது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் உளதென்றும் முதியவர் கூறி, அதனைச் சபையார் முன் வைத்தார். சபையார் அதனைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையுடன் ஒப்புநோக்கி வழக்கை முடித்தனர். அந்நிகழ்ச்சியை வழக்கியல் நோக்கில் மட்டும் பார்ப்பின் மூன்று செய்திகள் புலனாகும். வழக்கைத் தீர்த்தது ஆவணம். அவ்வாவணம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. அதனை ஆய்ந்தோர் எழுத்தெழுத்தாகக் கண்ணாற் கண்டனர்.

இக்காலத்துப் பெருவழக்குகளில் முதலிரண்டும் மாறாதிருக்க, மூன்றாவது மாறிவிட்டது. இரு கொம்பனிகளுக்கிடையே வழக்கு மூளுமிடத்து, அவற்றின் கணனிகளிற் கிடக்கும் மின்னஞ்சல்களும் கடிதங்களும் கணக்குகளும் இலட்சங்களைக் கடந்து கோடியை எட்டுகின்றன. அவை அனைத்தையும் கண்ணால் வாசித்து முடித்தல் எளிதன்று. ஆதலின், சட்டத்தரணி சில ஆயிரம் ஆவணங்களை வாசித்து, வழக்கிற்குப் பொருந்துவன, பொருந்தாதன என வகைப்படுத்திக் காட்ட, அவ்வகைப்பாட்டிலிருந்து கற்றுக்கொண்ட பொறி எஞ்சிய இலட்சங்களைத் தானே வகைப்படுத்தும் முறை 2010 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் நீதிமன்றங்களிலே இடம்பெறலாயிற்று. பொறிக் கற்றல் என வழங்கும் கணனிக்கலையின் ஒரு பயன்பாடு இது.

இவ்வரலாற்றை விரைவின் வரலாறாகவும் செலவுக் குறைப்பின் வரலாறாகவும் கூறுவோர் பலர். அவ்விரண்டும் உண்மையே. ஆயினும், பொறியை நீதிமன்றத்தின் வாயிலுக்குள் விட்டது அதன் விரைவு மட்டுமன்று; தான் தவறவிட்டது எவ்வளவு என்பதை அளந்து காட்ட அதற்கு வழியிருந்தமையே முதன்மையான காரணம். அந்த அளவுகோலைப் பொறியின்மீது வைத்த அறிஞர், அதனை மனித வாசகன்மீதும் வைத்துப் பார்த்தனர். அப்பொழுது வெளிப்பட்ட உண்மையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்த்தரப்பின் பெட்டகம்

ஒருவன் தன் வழக்கை நிறுவுதற்கு வேண்டிய சான்று மாற்றானின் பெட்டகத்துள் இருக்குமாயின் அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்ததே ஆவண வெளிப்படுத்துகை என்னும் சட்டமுறை. பழைய ஆங்கிலப் பொதுச்சட்ட மன்றுகள் இதற்குப் போதிய வழி வகுக்கவில்லை. ஒப்புரவு நெறியைப் பின்பற்றிய சான்சரி மன்றே எதிர்த்தரப்பினரைச் சத்தியத்தின்பேரில் ஆவணங்களை வெளிப்படுத்துமாறு பணித்து வந்தது. 1873, 1875 ஆம் ஆண்டுகளின் நீதித்துறைச் சட்டங்கள் இருவகை மன்றுகளையும் ஒன்றாக்கிய பின்னர் இம்முறை பொது வழக்காயிற்று.

வெளிப்படுத்த வேண்டியவை எவை என்னும் வினாவுக்கு 1882 ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற விடை கிடைத்தது. குவானோ என்பது பெரு நாட்டுக் கரையோரத் தீவுகளிற் குவிந்து கிடந்த கடற்பறவைகளின் எச்சம். அக்காலத்தில் பெருவிலை பெற்ற பசளை. பெருவியன் குவானோ கொம்பனி எதிராளியாய் நின்ற வழக்கொன்றில், இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்றத்து நீதிபதி பிரெற், தன் வழக்கை வலுப்படுத்தவோ மாற்றான் வழக்கை மெலிவிக்கவோ உதவும் ஆவணங்களோடு, அவ்வாறு உதவக்கூடிய வேறு சான்றுகளைத் தேடும் வழியைக் காட்டும் ஆவணங்களும் வெளிப்படுத்தற்குரியனவே என்று விதித்தார். பசளை பற்றிய வழக்கிற் பிறந்த அவ்விதி நூறாண்டுக்கு மேலாக ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய நாடுகளில் ஓங்கி நின்றது. இலங்கையின் 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் ஆவணங்களை வெளிப்படுத்துதல், பார்வையிடுதல் ஆகியன பற்றி ஓர் அத்தியாயம் அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1938 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறை விதிகள் அதனினும் விரிந்த உரிமையை வழக்காடுவோர்க்கு அளித்தன.

இம்முறையினுள்ளே ஓர் இடர்ப்பாடு தொடக்கத்திலிருந்தே உண்டு. பெட்டகத்தைத் திறந்து தேடுபவர் அதன் உரிமையாளரும் அவர்தம் சட்டத்தரணியுமே. தம் வழக்கைக் கெடுக்கும் கடிதத்தைத் தாமே தேடியெடுத்து மாற்றான் கையிற் கொடுக்க வேண்டிய கடமை அவர்களுடையது. மற்றொரு பாலில், சட்டத்தரணியும் கட்சிக்காரரும் தமக்குள் நிகழ்த்திய மறைவான தொடர்பாடல்களை வெளிப்படுத்தாது காக்கும் சிறப்புரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆகவே, ஆவண ஆய்வு என்பது கொடுக்க வேண்டியதைக் கொடுத்தலும் காக்க வேண்டியதைக் காத்தலுமாகிய இருமுனைப் பணியாகும். ஆவணம் நூறாயிருந்த காலத்தில் சட்டத்தரணியின் நேர்மையும் நீதிமன்றத்தின் தண்டமும் இப்பணிக்குப் போதிய காவலாயிருந்தன. ஆவணம் பெருகியபொழுது நேர்மையாளரும் தவறக்கூடிய நிலை உண்டாயிற்று.

தாள் பெருகிய காலம்

அமெரிக்காவின் அப்புதிய விதிகள் 1938 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு ஐந்து வாரங்களின் பின், ஒக்டோபர் 22 ஆம் நாள், நியூயோர்க் நகரிலே செஸ்டர் கார்ல்சன் என்பார் உலர்முறையிற் பிரதியெடுக்கும் கலையில் முதல் வெற்றி கண்டார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும், கார்ல்சனின் கலை 1959 ஆம் ஆண்டில் செரொக்ஸ் 914 என்னும் பொறியாக உருவெடுத்துக் காரியாலயந்தோறும் புகுந்தபொழுது, அவ்விதிகள் கோரிய ஆவணத்தொகை அவற்றை ஆக்கியோர் எண்ணிப் பாராத அளவுக்கு வளர்ந்தது. ஒரு கடிதம் ஒரு பேழையில் இருந்த நிலை மாறி, அதன் பிரதிகள் பத்துப் பேழைகளிற் கிடக்கலாயின.

இந்நிலையின் விளைவை ஐ.பி.எம். நிறுவனத்தின் வழக்குகளிற் காணலாம். 1968 ஆம் ஆண்டு டிசெம்பரில் கொன்றோல் டேற்றா என்னும் கணனி நிறுவனம் ஐ.பி.எம். மீது தனியுரிமைத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் அமெரிக்க அரசும் அத்தகைய வழக்கொன்றைத் தொடுத்தது. கொன்றோல் டேற்றா நிறுவனத்தார் தாம் பெற்ற ஐ.பி.எம். ஆவணங்களைக் கணனியில் வரிசைப்படுத்தி, தேடுதற்கேற்ற ஒரு சுட்டியை ஆக்கியிருந்தனர். 1973 ஆம் ஆண்டு சனவரியில் இரு நிறுவனங்களும் இணக்கத்துக்கு வந்தன. அவ்விணக்கத்தின் ஒரு பகுதியாக அச்சுட்டி அழிக்கப்பட்டது. அச்சுட்டியையே நம்பியிருந்த அரசுத் தரப்பினர் வெகுண்டு முறையிட்டும் பயன் விளையவில்லை. அவர்களது வழக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் நீண்டு, 1982 ஆம் ஆண்டில் அரசினாலேயே கைவிடப்பட்டது. ஆவணங்கள் அனைத்தும் எஞ்சியிருக்க, அவற்றுள் வழிகாட்டும் சுட்டி மட்டும் அழிந்தமையே அரசுத் தரப்பைத் தளர்த்தியதென்பது நோக்கத்தக்கது. கோடி ஆவணம் கையிலிருந்தும் தேடும் நெறி இல்லையேல், அவை இல்லாதனவற்றோடு ஒக்கும்.

இப்பெருக்கத்துக்கு நாடுகள் வெவ்வேறு மருந்து தேடின. இங்கிலாந்து கடமையின் எல்லையைச் சுருக்கியது. வூல்ப் பிரபு 1996 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1999 ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், குவானோ வழக்கின் விரிந்த அளவையைக் கைவிட்டு, நியாயமான தேடல் போதுமெனக் கூறின. அமெரிக்கா 2006 ஆம் ஆண்டில் இலத்திரனியல் முறையிற் சேமிக்கப்பட்ட தகவலையும் விதிகளுட் சேர்த்தது. 2015 ஆம் ஆண்டில், தேடும் செலவு வழக்கின் பெறுமதிக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. ஆயினும் எவ்விதியும் தேடும் தொழிலைத் தானே செய்து தரவில்லை.

சொல்லைத் தேடியதன் ஏமாற்றம்

கணனியைக் கொண்டு தேடுதலின் முதல் வடிவம் சொற்றேடல். 'விபத்து' என்னும் சொல்லைக் கொடுத்தால் அச்சொல் வரும் ஆவணம் யாவும் திரையில் தோன்றும். இதனினும் எளிய வழி வேறு யாது என்றே சட்டத்தரணிகள் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை 1985 ஆம் ஆண்டில் பிளெயர், மரோன் என்னும் இரு அறிஞர் வெளியிட்ட ஆய்வு சிதைத்தது. அவர்கள் ஒரு பெருவழக்கின் எதிராளி தரப்பினருக்காகக் கணனியிற் சேமிக்கப்பட்ட ஏறத்தாழ 40,000 ஆவணங்களை, அஃதாவது 3,50,000 பக்கங்களை, எடுத்துக்கொண்டனர். சட்டத்தரணிகள் தமக்கு வேண்டியவற்றைத் தேடுவித்து, பொருந்தும் ஆவணங்களில் நூற்றுக்கு 75 வீதமேனும் கிடைத்துவிட்டன என நம்பும்வரை மீண்டும் மீண்டும் தேடுவித்தனர். பின்னர் ஆய்வாளர், கிடைக்காதவற்றினின்று மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தபொழுது, உண்மையிற் கிடைத்தது சராசரியாக நூற்றுக்கு 20 வீதமே எனக் கண்டனர்.

காரணம் மொழியின் இயல்பிலே உள்ளது. நிகழ்ந்ததற்குப் பழியேற்க வேண்டியோர் தம் கடிதங்களில் அதனை விபத்து என எழுதுவதில்லை. அந்நிலைமை என்றும், ஏற்பட்ட சிக்கல் என்றும், சென்ற கடிதத்திற் கூறிய விடயம் என்றும் எழுதிச் செல்வர். குற்றமுள்ளோரின் பேனா குற்றத்தின் பெயரைத் தவிர்க்கும். ஆகவே சொல்லைத் தேடுவோன் தவறவிடுவன பெரும்பாலும் வழக்கிற்கு இன்றியமையாதனவாகவே அமைந்துவிடக்கூடும். தான் தவறவிட்டதை அவன் அறிவதற்கு அடையாளமும் இல்லை.

சொற்றேடலின் மறுகுறை வேண்டாதவற்றை வாரிக்கொண்டு வருதல். அமெரிக்க அரசு 1999 ஆம் ஆண்டில் புகையிலைக் கொம்பனிகள்மீது தொடுத்த வழக்கில், அக்கொம்பனிகளும் அரசின் ஆவணங்களைக் கோரின. அதன்பொருட்டு வெள்ளை மாளிகையின் ஏறத்தாழ 2 கோடி மின்னஞ்சல்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தார் தேட நேர்ந்தது. சிகரெற்றுப் பெயராகிய 'மார்ல்பரோ' என்பதைத் தேடியபொழுது, மேரிலாந்து மாநிலத்தின் அப்பர் மார்ல்பரோ என்னும் ஊர் பற்றிய அஞ்சல்களும் வந்து குவிந்தன. இத்தகையவற்றை இயன்றவரை நீக்கியும் 2 இலட்சம் அஞ்சல்கள் எஞ்ச, இருபத்தைந்து பேர் ஆறு திங்கள் இருந்து அவற்றை வாசித்தனர். அப்பணியில் ஈடுபட்ட ஜேசன் பாரன், ஜோர்ஜ் போல் என்பாருடன் சேர்ந்து 2007 ஆம் ஆண்டில் ஒரு கணக்குக் காட்டினார். நூறு கோடி மின்னஞ்சல்களை, நூறு பேர், நாளொன்றுக்குப் பத்து மணிநேரம், மணிக்கு ஐம்பது வீதம், ஓய்வுநாளின்றி வாசிப்பின் ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்கு மேற் செல்லும்.

சிறப்புரிமையைக் காப்பதிலும் சொற்றேடல் கைவிட்டது. 2008 ஆம் ஆண்டில் மேரிலாந்தில் விசாரிக்கப்பட்ட விக்ரர் ஸ்ரான்லி வழக்கில், எதிராளி தரப்பினர் சொற்றேடலை நம்பி ஆவணங்களைக் கையளிக்க, சிறப்புரிமைக்குரியனவெனக் கூறப்பட்ட 165 ஆவணங்களும் உடன் சென்றுவிட்டன. தேடியமுறை தக்கதென்பதை நிறுவமுடியாத நிலையில், அவற்றின் சிறப்புரிமை இழக்கப்பட்டதென நீதிபதி பால் கிறிம் தீர்த்தார். தேடினோம் என்று கூறுதல் போதாது, தேடலைச் சோதித்தோம் என்றுங் காட்டல் வேண்டும் என்பது இத்தீர்ப்பின் சாரம்.

பொறி கற்ற விதம்

சொற்றேடலின் குறையை 1985 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய மரோன், அதற்கு மாற்றான நெறியின் வித்தையும் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இட்டிருந்தார். 1961 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று கணனித்துறை ஆய்வுச் சுருக்கங்கள் 405 ஐ எடுத்துக்கொண்டது. அவற்றுள் 260 ஐ மனிதர் 32 வகைகளாகப் பிரித்த பான்மையைக் கணனிக்குக் காட்டி, குறிப்புச் சொற்கள் 90 ஒவ்வொரு வகையிலும் எத்துணை முறை வருகின்றன என எண்ணுவித்தார். பின் எஞ்சிய 145 ஐயும் கணனி முன்பின் பாராதனவாக வைத்து, அவை எவ்வகையின எனக் கேட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் தோமஸ் பேய்ஸ் என்னும் பாதிரியார் வகுத்த நிகழ்தகவு விதியே விடைகாணும் கருவியாயிற்று. இரண்டோ அதற்கு மேலோ குறிப்புச் சொற்கள் கொண்ட புதிய சுருக்கங்களில் ஏறத்தாழ அரைவாசியைக் கணனி சரியான வகையிற் சேர்த்தது. முப்பத்திரண்டு வகைகளுள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுவோனுக்கு இவ்வெற்றி வாயாது.

ஜெராட் சோல்ற்றன் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுகளில், தேடுவோன் இது பொருந்தும், இது பொருந்தாது எனக் கூறக்கூறத் தேடலைத் திருத்திக்கொள்ளும் நெறி வளர்ந்தது. 1995 ஆம் ஆண்டில் கோட்டெஸ், வப்னிக் என்போர் இருவகைப் பொருள்களுக்கிடையே இயன்றவரை அகன்ற எல்லையை வகுக்கும் கணித முறையை வெளியிட்டனர். 1998 ஆம் ஆண்டில் ஜோகிம்ஸ் என்பார் அம்முறை ஆவண வகைப்பாட்டிற்கு நன்கு பொருந்துமெனக் காட்டினார்.

சட்டத்துறையில் இது செயற்படும் விதம் பின்வருமாறு. வழக்கை நன்கறிந்த சட்டத்தரணி சில நூறு ஆவணங்களை வாசித்துக் குறியிடுவார். பொறி அவற்றிலுள்ள ஆயிரக்கணக்கான சொற்களின் வரவையும் சேர்க்கையையும் நிறுத்துப் பார்த்து, எஞ்சிய ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு புள்ளி வழங்கும். உயர்புள்ளி பெற்றவற்றையோ, தான் ஐயுறுவனவற்றையோ மீண்டும் அவர்முன் வைக்கும். அவர் திருத்த, பொறி மீண்டுங் கற்கும். ஆசிரியர் விடைத்தாள் திருத்திக் கொடுக்க, மாணவன் அடுத்த பயிற்சியில் முன்னேறுவதை இது ஒக்கும். 'விபத்து' என்னும் சொல் இல்லாத கடிதத்தையும், அக்கடிதத்திற் பயின்ற நாள், பெயர், பதங்களின் கூட்டம் ஆகியவற்றைக்கொண்டு பொறி கண்டுபிடித்துவிடும். பொறி சட்டத்தைக் கற்கவில்லை. ஆசிரியரின் தெரிவைக் கற்கிறது. ஆசிரியர் தவறாகத் தெரிந்தால் அத்தவற்றையும் அது பழுதறக் கற்றுக்கொள்ளும்.

மனித வாசகனை அளந்தமை

புதுமுறை தோன்றிய காலத்தில் எழுந்த தடை ஒன்றே. பயின்ற சட்டத்தரணி ஒவ்வோர் ஆவணத்தையும் வாசித்தலே பொன்னின் உரைகல், அதனைப் பொறி எட்டுமோ என்று பலர் வினவினர். அவ்வுரைகல்லையே உரைத்துப் பார்க்க எவரும் அதுகாறும் பெரிதும் முயன்றிலர்.

2005 ஆம் ஆண்டில் வெரைசன் நிறுவனம் எம்.சி.ஐ. நிறுவனத்தை வாங்க முற்பட்டபொழுது, அமெரிக்க நீதித் திணைக்களம் ஆவணங்களைக் கோரியது. சட்டத்தரணிகள் 225 பேர் ஏறத்தாழ நான்கு திங்கள் வாசித்தனர். செலவு 1 கோடி 30 இலட்சம் டொலரைக் கடந்தது. பின்னர் றொயிற்பிளற் முதலிய ஆய்வாளர் மூவர் அவ்வாவணங்களில் 5,000 ஐ எடுத்து, இரு புதிய குழுவினரைக் கொண்டு மீண்டும் வாசிப்பித்தனர். முதல் வாசிப்போடு அக்குழுக்கள் உடன்பட்டது நாலில் மூன்று பங்கு அளவிலேயாம். இரு கணனி முறைகளின் உடன்பாடு மனிதக் குழுக்களின் உடன்பாட்டிற் குறைந்திருக்கவில்லை. இவ்வாய்வு 2010 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இதனை விளங்கிக்கொள்ள இரண்டு அளவைகள் வேண்டும். களப்பில் வலைவீசுவோனை எண்ணுக. அங்குள்ள மீன்களில் எத்தனை பங்கு வலையுட்பட்டது என்பது ஓர் அளவை. வலையிற் கிடப்பனவற்றில் எத்தனை பங்கு மீன், எத்தனை பங்கு பாசி என்பது மற்றோர் அளவை. முன்னையதை மீட்பு வீதம் என்றும் பின்னையதைச் செம்மை வீதம் என்றும் ஈண்டு வழங்குவோம்.

அமெரிக்கத் தேசிய நியம, தொழினுட்ப நிறுவனம் 1992 ஆம் ஆண்டு தொட்டு நடத்திவரும் தகவல் மீட்பு ஆய்வரங்கில், 2006 ஆம் ஆண்டிற் சட்டத்துக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் அங்கே ஆய்பொருளாயிருந்தவை, 2001 ஆம் ஆண்டில் வங்குரோத்தான என்ரன் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள். அவ்வாண்டின் பெறுபேறுகளை மோறா கிறொஸ்மன் என்னும் சட்டத்தரணியும் கோர்டன் கோர்மக் என்னும் கணனிப் பேராசிரியரும் ஆராய்ந்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐந்து தலைப்புகளின் சராசரியில், கணனியின் துணைகொண்ட முறைகள் நூற்றுக்கு 76.7 வீத மீட்பும் 84.7 வீதச் செம்மையும் எய்தின. மனிதர் முற்றாக வாசித்த முறை 59.3 வீத மீட்பும் 31.7 வீதச் செம்மையுமே எய்தியது. கணனித்துணை முறைகளில் மனிதர் வாசிக்க நேர்ந்தது தொகையில் 1.9 வீதமே, அஃதாவது ஐம்பதில் ஒரு பங்கு.

இம்முடிவை மிகைப்படுத்தலாகாது. ஒப்பிடப்பட்ட இரு முறைகளுள் வாட்டலூ பல்கலைக்கழகத்தினது பொறிக் கற்றலைச் சார்ந்தது. மற்றையது மொழியியல் வல்லுநர் கைப்பட வகுத்த விதிகளைச் சார்ந்தது. அங்கு வாசித்த மனிதர் சட்ட மாணவரும் ஆவண ஆய்வுத் தொழிலாளருமேயன்றி, வழக்கோடு பழகிய மூத்த சட்டத்தரணிகள் அல்லர். எனினும் பெருவழக்குகளில் ஆவணக் குவியலை வாசிப்போரும் பெரும்பாலும் அவரொத்தவரே. களைப்பும் சலிப்பும் கருத்து வேற்றுமையும் மனித வாசிப்பில் உண்டு என்பதும், அவற்றை நெடுங்காலமாக ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டன.

நீதிமன்றங்களின் ஏற்பு

2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் நாள், டா சில்வா மூர் எதிர் பப்ளிசிஸ் என்னும் வழக்கில், நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றத்து நீதிபதி அன்ட்ரூ பெக் கணனித்துணை ஆய்வைத் தகுந்த வழக்குகளில் ஏற்கலாமெனத் தீர்ப்பெழுதினார். இத்தகைய ஏற்பை வெளிப்படக் கூறிய முதல் தீர்ப்பு இதுவே. பெண்கள்பாற் காட்டப்பட்ட பாரபட்சம் பற்றிய அவ்வழக்கில் ஏறத்தாழ 30 இலட்சம் மின்னஞ்சல்கள் இருந்தன. பொறிக்குப் பாடமாகவும் அளவையாகவும் எழுந்தமானமாக எடுக்கப்பட்ட மாதிரி 2,399 ஆவணங்கள்.

முப்பது இலட்சத்துக்கு இச்சிறு தொகை எங்ஙனம் போதும் என மாணவர் வினவலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியிலேயே விடை உண்டு. பானை பெரிதாயினும் சிறிதாயினும், நன்கு கலந்திருப்பின், அகப்பையில் வருவது உள்ளதைக் காட்டும். நூற்றுக்கு 95 வீத நம்பிக்கையுடன், இரண்டு வீதத்துக்கு மேற் பிழை நேராது கணிக்க, எண்ணற்ற தொகைக்கு வேண்டிய மாதிரி 2,401. முப்பது இலட்சத்துக்கு வேண்டியது 2,399. கணித ஆசிரியர் இதனை வகுப்பிற் செய்து காட்டலாம்.

தள்ளப்பட்டவற்றைச் சோதிப்பதும் இவ்வாறே. எடுத்துக்காட்டாக, பத்து இலட்சம் ஆவணங்களில் ஒரு இலட்சத்தைப் பொறி தெரிந்தெடுக்க, அவற்றுள் 80,000 பொருந்துவனவாயின எனக் கொள்வோம். தள்ளிய ஒன்பது இலட்சத்தில் 2,400 ஐ எழுந்தமானமாக எடுத்து வாசிக்க, 24 பொருந்துவனவாயின், தள்ளியவற்றில் ஒரு வீதம், அஃதாவது 9,000 அளவில், தவறிப்போயின எனலாம். மீட்பு வீதம் 89,000 இல் 80,000. ஏறத்தாழ 90 வீதம். பிளெயரும் மரோனும் ஆய்வுக்காகச் செய்த சோதனை இவ்வாறு வழக்கறையின் நாளாந்த நடைமுறையாயிற்று.

அதே ஆண்டு ஏப்பிரலில், டலஸ் விமான நிலையத்திற் பனிப்பாரத்தால் இடிந்து வீழ்ந்த விமானக் கொட்டகை பற்றிய வழக்கில், எதிர்ப்பையும் மீறி வேர்ஜீனியா மன்று இம்முறைக்கு இசைந்தது. 2015 ஆம் ஆண்டு மார்ச்சில் அயர்லாந்தின் உயர்நீதிமன்றமும், 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பைரோ வழக்கில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றமும் ஏற்றன. பைரோ வழக்கின் ஆவணங்கள் 1 கோடி 76 இலட்சம். ஒரே ஆவணத்தின் பிரதிகளை நீக்கிய பின்னும் 31 இலட்சம் எஞ்சின. 1938 ஆம் ஆண்டிற் கார்ல்சன் திறந்த கதவு எத்துணை அகன்றதென்பதை இவ்விரு எண்களே காட்டும்.

எஞ்சிய ஐயங்கள்

முதலாவது ஐயம், ஆசிரியர் யார் என்பது. பெட்டகத்தின் உரிமையாளரே பொறிக்கும் ஆசிரியர். எதனைப் பொருந்தாதது எனக் கற்பிக்கின்றார் என்பதை மாற்றான் காண வழியில்லையேல், பழைய இடர்ப்பாடு புதிய உடையில் வந்து நிற்கும். டா சில்வா மூர் வழக்கில் கற்பித்த ஆவணங்களையும் அவற்றின் குறிகளையும் எதிர்த்தரப்புக்குக் காட்ட எதிராளிகள் இசைந்தமை அத்தீர்ப்புக்கு வலுவளித்தது. எல்லாரும் அவ்வாறு இசைவரல்லர். மறுபுறத்தில், 2016 ஆம் ஆண்டில் ஹைல்ஸ் என்னும் வழக்கில், நியூயோர்க் மாநகராட்சி இம்முறையைக் கையாளுமாறு கட்டளையிட வேண்டுமென வழக்காளி கேட்டபொழுது, இம்முறை மேலானதென ஒப்புக்கொண்ட அதே நீதிபதி பெக், ஆவணங்களை உடையவரே தேடும் வழியைத் தெரியத்தக்கவர் எனக் கூறி மறுத்தார். எளியோன் வலியோன்மேல் வழக்காடுமிடத்து இந்நெறி யாருக்கு அனுகூலமானது என்பது சிந்தித்தற்குரியது.

இரண்டாவது, பழமொழி பற்றியது. ஒரு சோறு பதம் என்பது சோறெல்லாம் ஒருதன்மையன என்னும் எண்ணத்திற் கூறப்படுவது. ஆவணங்கள் அத்தன்மையன அல்ல. மூலவோலை ஒன்றே. தொண்ணூறு வீதம் மீட்ட தேடல், வழக்கைத் தீர்க்கும் அவ்வொன்றைத் தவறவிட்ட பத்து வீதத்துள் விட்டிருக்கவுங் கூடும். புள்ளிவிபரம் தொகைக்கு உறுதி கூறுமேயன்றித் தனியொன்றுக்கு உறுதி கூறாது.

மூன்றாவது, மொழி பற்றியது. மேற்கூறிய அளவைகள் ஆங்கில ஆவணங்களிற் பெறப்பட்டவை. வேற்றுமையுருபும் சாரியையும் ஏற்று ஒரு பெயரே பல வடிவெடுக்கும் தமிழிலோ, தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் விரவிய காரியாலயக் கடிதங்களிலோ அதே வீதங்கள் கிடைக்குமெனக் கொள்ளுதல் தவறு. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தால் இலத்திரனியல் ஆவணத்துக்கு இடமளித்த எமது நாட்டில், இதனை அளந்தறிதல் எம்மவர் செய்யவேண்டிய பணி.

நான்காவது, வினவியதற்கு விடையெழுதும் புதிய பொறிகள் பற்றியது. 2023 ஆம் ஆண்டில் மாற்றா எதிர் அவியங்கா என்னும் வழக்கில், அத்தகைய பொறி கற்பனையாகப் படைத்த தீர்ப்புகளை உண்மையெனக் காட்டிய சட்டத்தரணிகளுக்கு நியூயோர்க் நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது. ஆவணங்களை வகைப்படுத்தற்கும் அப்பொறிகள் இப்பொழுது பயன்படுகின்றன. அவை சரளமாக எழுதுகின்றன என்பது அவை சரியாக வகைப்படுத்துகின்றன என்பதற்குச் சான்றாகாது. மாதிரி எடுத்து அளத்தலாகிய பழைய கட்டுப்பாடு அவற்றுக்கும் உரியது.

முடிவுரை

1961 ஆம் ஆண்டில் மரோன் நானூற்றுச் சொச்சம் சுருக்கங்களைக் கொண்டு செய்த சிறு சோதனை, அரை நூற்றாண்டின் பின் நீதியின் கருவிகளுள் ஒன்றாயிற்று. இடைப்பட்ட காலத்திற் பொறியின் ஆற்றல் பெருகியது உண்மை. அதனினும் பெரிய மாற்றம், 'கவனமாகத் தேடினோம்' என்னும் உறுதிமொழி தனித்து நின்ற இடத்தில், 'இவ்வளவு தவறியிருக்கக்கூடும்' என்னும் கணக்கும் உடன் வந்து நின்றமையாகும். தேடுவோன் தன் தவற்றின் அளவை மாற்றானுக்கும் நீதிபதிக்கும் முன்னே வைக்கும்பொழுதுதான் அவன் தேடல் நம்பத்தக்கதாகிறது. எவ்வளவு தவறினால் நீதிக்குப் போதும் என்பதைப் பொறி தீர்மானிக்கமாட்டாது. அதனைத் தீர்ப்பவர் என்றும் போல் நீதிபதியே. வரலாறு, சட்டம், கணிதம், மொழி ஆகிய நான்கு துறைகளும் ஒருங்கு கூடும் இவ்விடத்தில் எம் மாணவர் ஆற்றத்தக்க பணி பெரிது.